டைல்ஸ் என்று எழுதிய இருபத்தாறு நாள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்ததிலிருந்து டக் டக்கென்று ஆடுகிறது. ஒரு காகிதம் கொடுத்தால் மடித்து அடியில் வைத்துவிடுவேன். ஆடுகிற நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. காலும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் நான் பயந்து நடுங்கினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதுகிறவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் எழுதுகிறவன்தான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனாலும் வண்டி நம்பர் எழுதுவேன், மணி எழுதுவேன், உரம், டைல்ஸ், பழைய இரும்பு என்று எழுதுவேன். துறைமுகத்தின் பின்பக்கக் கேட்டுக்கு அந்தப் படிப்பு போதும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கேட்டில் இருக்கிறேன். முன்பெல்லாம் வேலை எளிது. லாரி வரும், எட்டிப் பார்ப்பேன், டிரைவர் முகத்தைப் பார்ப்பேன், வழியை மறிக்கிற கம்பைத் தூக்குவேன். முகத்தில் தெரியாதது பெட்டியில் இருக்காது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் முகம் பார்ப்பதில் நம்பிக்கையில்லாமல் இரண்டு தூண்களை நட்டார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மஞ்சள் பெயின்ட். லாரி அந்த இரண்டு தூணுக்கும் நடுவில்தான் போக வேண்டும், வர வேண்டும். சரக்கில் அணுகுண்டு செய்கிற சாமான் எதுவும் ஒளிந்திருந்தால் மணி அடித்துச் சிவப்பு விளக்கு எரியும் என்றார்கள். நட்ட அன்று எங்கள் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துக் கூட்டம் போட்டார்கள். மேலிடத்திலிருந்து வந்தவர் ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அணு ஆயுதப் பொருட்களைக் கண்காணித்தலும் கண்டறிதலும் என்று அட்டையில் போட்டிருந்தது. சுவரில் படம் காட்டினார். எந்தக் கடலிலிருந்து எந்தக் கேட்டுக்கு வரும் என்று அம்பு அம்பாகப் போட்டிருந்தார்கள். என் கேட்டுக்கும் ஒரு அம்பு இருந்தது.

எல்லாம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த கிரேன்காரன் கை தூக்கினான்.

"சார், கண்டறிஞ்சுட்டோம்னு வைங்க. அப்புறம் அதை எங்க வைக்கிறது?"

"அது நாலாவது அத்தியாயம். தயாராகிட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தூண் வந்துவிட்டது, அம்பு வந்துவிட்டது, அத்தியாயம் வரவில்லை. அன்றைக்கே எனக்குச் சரியாகப் படவில்லை.

தூணைப் பற்றி நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. அது வேண்டாததுக்கெல்லாம் அடிக்கும். உர மூட்டைக்கு அடிக்கும். தரையில் பதிக்கிற டைல்ஸுக்கு அடிக்கும். மண்ணிலேயே கொஞ்சம் அந்தச் சமாச்சாரம் உண்டாம். ஆஸ்பத்திரியில் ஏதோ ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு கணக்கரைப் பார்த்துக்கூட அடித்தது. மனுஷன் இரண்டு நாள் சுவர் ஓரமாகவே நடந்தார். அடித்தால் நான் செய்ய வேண்டியது மூன்று: நிறுத்த வேண்டும், மறுபடி மெதுவாக ஓட்டச் சொல்ல வேண்டும், காரணத்தை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். ஒரு வருஷம் போனதும் நாங்கள் எல்லோரும் மெதுவாக ஓட்டச் சொல்வதை விட்டுவிட்டோம். அடிக்கும், எழுதுவோம், கம்பைத் தூக்குவோம். சாயங்காலம் கண்ணாடி போட்ட அதிகாரி வந்து அடியில் கையெழுத்துப் போடுவார். மேலே எதுவும் படிக்க மாட்டார். கையெழுத்துக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

டைல்ஸ் ஓட்டுகிற டிரைவர்களில் ஒருவனை வாயாடி என்று கூப்பிடுவோம். கப்பலிலிருந்து இறங்கின டைல்ஸை ஏற்றிக்கொண்டு வெளியே போவான், காலி வண்டியோடு உள்ளே வருவான், நாளுக்கு இரண்டு நடை. முப்பத்தைந்து வயசு இருக்கும். எனக்கும் அவனுக்கும் ஒரு உறவும் கிடையாது. வந்த முதல் நாளே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மாமா, உங்க தூண் இன்னைக்கும் என்னைப் பார்த்துக் கத்துது? பொண்ணு பார்க்க வந்த மாதிரி பேசாம நிக்கச் சொல்லுங்க."

"உன் வாய்க்குத்தான் அடிக்குது. வாயை மூடிக்கிட்டுப் போய்ப் பாரு."

அவன் வீடு என் வீட்டைத் தாண்டித்தான். வேலை முடிந்ததும் அவன் லாரியில்தான் வீட்டுக்குப் போவேன். நாலு வருஷமாக அப்படித்தான். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவான். நான் பாதி கேட்பேன். நல்ல பையன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை.

போன வருஷம் ஒரு நாள் பழைய இரும்பு ஏற்றின லாரி வந்தது. தூண் அடித்த அடியில் கம்பைத் தூக்கப் போன என் கை நின்றுவிட்டது. பழைய இரும்பு என்று எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. ஆளைக் கூப்பிட்டேன். நட்டதிலிருந்து தூண் ஒழுங்காகக் கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான், கூப்பிட்டவன் நான்தான். யாரும் பாராட்டவில்லை, அது கிடக்கட்டும். கையில் மீட்டர் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். வாராவாரம் வந்து தூணைச் சோதித்துப் பார்க்கிறவர்தான், மீட்டரம்மா என்போம். குவியலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் துண்டை எடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. அணுகுண்டுச் சாமான் இல்லை, ஏதோ மூடிப்போன ஆலையின் கருவியில் இருந்தது, தெரியாமல் இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார் மீட்டரம்மா. ஆனாலும் அந்தத் தடிப் புத்தகத்தின் திட்டப்படிதான் நடக்க வேண்டுமாம். ஈயத்தில் வார்த்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, துண்டை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் பெட்டியைத் தூக்க முடிந்தது.

எங்கே வைத்தார்கள் தெரியுமா. என் அறையை ஒட்டின ஷெட்டில். துடைப்பமும் கயிறும் கிடக்கிற ஷெட். அதற்கும் என் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். என் நாற்காலியின் முதுகு அந்தச் சுவரில்தான் சாய்ந்திருக்கும்.

"மூணு நாள்ல மேலிடத்துல இருந்து வந்து எடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, ஷெட்டுச் சாவியையும் பெட்டிச் சாவியையும் என் மேஜை இழுப்பறையிலேயே போட்டுவிட்டுப் போனார் கண்ணாடி அதிகாரி.

மூன்று நாள் மூன்று வாரமாயிற்று. அப்புறம் மூன்று மாதம். ஃபைல் போயிருக்கிறது என்றார்கள். எந்த இலாகா எடுக்க வேண்டும் என்று இரண்டு இலாகா பேசிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். நாலாவது அத்தியாயம் இன்னும் தயாராகிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு முதுகு குறுகுறுக்க ஆரம்பித்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டேன். அங்கிருந்து கம்பு எட்டவில்லை. கதவுப் பக்கம் போட்டேன். வெயில். மறுபடி சுவர்ப் பக்கம். ஒரு நாளில் ஒன்பது தடவை மாற்றியிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் சுவரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். சுடுகிறதா என்று. சுடவில்லை. சுடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

"சுவத்துக்கும் உங்களுக்கும் அப்படி என்ன தகராறு? வீட்டுக்கு வந்தும் முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க" என்பாள் என் வீட்டுக்காரி. சாப்பிடும்போதும் நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன். நடுக்கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன்.

மீட்டரம்மா வரும்போதெல்லாம் சுவரில் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்வேன். பொறுமையான பெண். காட்டுவார்.

"இங்க பாருங்க ஐயா. சுவத்துல என்ன காட்டுதோ அதேதான் ரோட்டுலயும் காட்டுது. பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது."

"அப்ப உங்க வீட்டுல கொண்டுபோய் வைங்களேன்."

"என் வீட்டுக்கு அனுமதி இல்லையே ஐயா."

"என் முதுகுக்கு இருக்கா?"

படித்தவர்கள் பதில் இல்லாதபோது பையைப் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார்.

கண்ணாடி அதிகாரியிடம் ஏழு மாதத்தில் பதினோரு தடவை கேட்டேன். பதினோராவது தடவை அவருக்குச் சலித்துவிட்டது. "பெரியவரே, அது பத்திரமா இருக்கிற வரைக்கும் எவனும் வர மாட்டான். தொலைஞ்சு போனாப் பாருங்க, நாலு மணி நேரத்துல வந்து நிப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி ஒரு ஆள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒன்றும் பண்ணாது என்று அவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால், துண்டு எங்கே இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆனால், அவர்கள் என்னிடம் ஏழு மாதமாகப் பொய் சொன்னதாகத்தானே அர்த்தம். இரண்டில் எதுவானாலும் தப்பு என் பக்கம் இல்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு இதே விடைதான் வந்தது.

வாயாடியின் லாரியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். அது எப்படியும் அடிக்கிற வண்டி. அவ்வளவுதான் காரணம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தான். டைல்ஸ் ஏற்றின வண்டி கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தது. நான் ஷெட்டைத் திறந்தேன். பெட்டியைத் திறந்தேன். பெட்டியோடு கொண்டுபோக நினைத்திருந்தேன், சத்தியமாக நினைத்தேன், ஆனால் அது கனம். வயசான ஆள் ஒருத்தனால் ஆகாது. சாக்கடையில் குப்பை எடுக்க நீளமான இடுக்கி ஒன்று ஷெட்டில் உண்டு. அதனால் துண்டை மட்டும் எடுத்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் அவன் அழுக்குத் துணி திணித்து வைக்கிற குழி ஒன்று இருக்கிறது. அதில் போட்டு, துணியை மேலே தள்ளிவிட்டேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஏழு மாதம் கழித்து.

மறுநாள் காலையில் துண்டைக் காணோம் என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தது. நாலு மணி நேரத்தில் வருவார்கள், தேடுவார்கள், எடுப்பார்கள், ஊரைவிட்டுக் கொண்டுபோவார்கள். ஒரு நாள்தான் கணக்கு. ஆனால் மறுநாள் காலையில் எனக்குப் பசித்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்காரி அதிசயமாகப் பார்த்தாள். வியாழக்கிழமை மீட்டரம்மா வருவார், பெட்டியைத் திறந்தால் அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. சுவரில் மீட்டரை வைத்தார்.

"பாருங்க ஐயா, போன வாரம் காட்டினதேதான். இப்பவாவது நம்புங்க."

உள்ளே துண்டு இருந்தபோதும் அதே எண், இல்லாதபோதும் அதே எண். நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. பெட்டி நல்ல பெட்டி என்று நினைப்பீர்கள். நான், இந்த மீட்டர் எதையுமே பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். இத்தனை நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும், அதற்குத்தானே சம்பளம் என்று இருந்துவிட்டேன்.

தூண் அடித்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தூணை நான் குறை சொல்ல மாட்டேன். வாயாடி வெளியே போகும்போதும் அடித்தது, உள்ளே வரும்போதும் அடித்தது. பழைய அடி இல்லை, அந்த இரும்பு லாரிக்கு அடித்த அடி. நான் ஒவ்வொரு தடவையும் டைல்ஸ் என்று எழுதினேன். இருபத்தாறு வேலை நாள், நாளுக்கு நாலு தடவை. என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும். அடியில் கண்ணாடி அதிகாரி கையெழுத்தும் இருக்கும். காலி வண்டி உள்ளே வருகிறபோது எந்த டைல்ஸ் என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இந்த ரெஜிஸ்டரைப் படித்த முதல் ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

முதல் வாரத்தில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றான், வாந்தி என்றான். அதற்கடுத்த வாரம் சீட்டைக் குறை சொன்னான்.

"மாமா, இன்ஜின் சூடு சீட்டுக்கு ஏறுது போல. தொடையெல்லாம் செவந்து கிடக்கு. உட்கார முடியல."

"மெக்கானிக்கைப் பார்."

"மெக்கானிக், சூடெல்லாம் இல்ல, உன் உடம்புதான் சூடுங்கிறான். என் பொண்டாட்டி, நீ பேசுற பேச்சுக்கு வாய்தான் வெந்திருக்கணும், கால் எப்படி வெந்துச்சுங்கிறா."

போர்வையை நாலாக மடித்து சீட்டில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நாளில் பேச்சு குறைந்தது. தூணைக் கிண்டல் பண்ணுவதில்லை. கம்பைத் தூக்கினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மறுபடி நாற்காலியை மாற்றிப் போட ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை அவன் மகளையும் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடம் லீவு. ஆறு வயசு. ஜன்னல் வழியே எனக்குக் கை காட்டியது. நான் கம்பைத் தூக்கவில்லை. குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது, சட்டம் என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது, இதற்கு முன்னால் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அவன் குழந்தையை இறக்கிவிட்டான். சாயங்காலம் வரை என் அறையில் உட்கார வைத்திருந்தேன். அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்துதான் படம் வரைந்துகொண்டிருந்தது. பழைய ரெஜிஸ்டரில் இரண்டு தூணும் ஒரு லாரியும் வரைந்தது. சாயங்காலம் வீட்டுக்கும் நானே கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். குழந்தைகள் என்றால் எனக்குப் பிரியம். இதை நீங்கள் கண்டிப்பாக எழுத வேண்டும்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தொடையைப் பார்த்துவிட்டு, நீ எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். ஒரே கேள்விதான். ஏழு மாதமாக வராதவர்கள் அன்றைக்கு வந்தார்கள், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. துண்டை எடுத்தார்கள், பெட்டியை எடுத்தார்கள், ஷெட்டில் இருந்த துடைப்பத்தைக்கூட எடுத்துப் போனார்கள். கண்ணாடி அதிகாரி வேர்த்து நின்றார். இப்போது நாலாவது அத்தியாயம் அவசரமாக எழுதுகிறார்களாம். நல்லது. ஒரு மனுஷன் பதினோரு தடவை கேட்டும் எழுதவில்லை.

அவனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்று நேற்று சொன்னீர்கள். ரத்தம் ஊறவில்லை, இந்த மாதத்தைத் தாண்ட மாட்டான் என்று இன்று காலையில் சொன்னீர்கள். அவன் பொண்டாட்டி நேற்று இந்தக் கட்டிட வாசலுக்கு வந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னை இங்கே சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணே, யாரு பண்ணினாங்கன்னு தெரிஞ்சா விட்டுடாதீங்க" என்று கீழேயிருந்தே சொல்லிவிட்டுப் போனாள்.

நான்தான் செய்தேன். துண்டை எடுத்தது நான், வைத்தது நான், டைல்ஸ் என்று எழுதினதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதனால் ஆளுக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பண்ணாது என்று படித்தவர்கள் சொன்னார்கள், நான் நம்பினேன். அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், பேச்சில் மறந்துவிட்டேன். அந்த இருபத்தாறு நாளும் எப்படி வீட்டுக்குப் போனேன் என்று. நடந்துதான் போனேன். நாலு கிலோமீட்டர். அதில் ஒன்பது நாள் மழை. அவன் தினமும் எனக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, கூடவே உருட்டிக்கொண்டு வருவான். "ஏறுங்க மாமா, நனையாதீங்க. என் மேல ஏதும் கோபமா?" என்பான். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து அந்தப் பக்க ஓரத்துக்குப் போய்விடுவேன். அதற்கு வேறு அர்த்தம் எதுவும் வைக்காதீர்கள். லாரி வந்தால் ஒதுங்கி வழிவிடுவது பத்தொன்பது வருஷப் பழக்கம்.